மற்றவழியார் கட்டிய கப்பல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வாசலால் உள்ளே போய் அதே வாசலால் திரும்பி வரத் தெரியாத ஒரே மனிதர் மற்றவழியார்தான். இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தலால் நுழைந்து சமையல் நடக்கிற குசினிக்குள்ளால் வெளியேறுவார். மாதா கோயில் பூசைக்குப் போனால் பெரிய கதவால் போய், சுவாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்குள்ளால் வெளியே வருவார். சலூனில் முகம் நிறையச் சவர்க்கார நுரையோடு எழும்பிப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் கதிரையில் சாய்வார். எந்த இடத்துக்குள் கால் வைத்தாலும் முதற் கேள்வி ஒன்றுதான்.

"மற்ற வழி எங்கை?"

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

உல்லாசக் கப்பல்களில் அறை துப்புரவாக்கிப் படுக்கை விரிக்கிற வேலை அவருக்கு. தொண்ணூறாம் ஆண்டு லீவில் தமக்கையைப் பார்க்க வந்தவர், சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட, கரையில் அகப்பட்ட மீன் மாதிரி நின்றுவிட்டார். தமக்கை வீட்டில் இடம் போதாமல், குருநகருக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில், சவிரியார் வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். பக்கத்து அறையில் நான். கரவெட்டியிலிருந்து வந்து, கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். சங்கக் கடையில் சாமான் இல்லாத காலம். ஆகவே கந்தோரில் எழுதவும் ஒன்றுமில்லை.

வந்த அன்றே என் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, உம்மடை அறைக்கு ஒரு கதவுதான் இருக்கு."

"ஓம் அண்ணை. எனக்கும் ஒரு உடம்புதான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. நான் கந்தோருக்குப் போன நேரம் பார்த்து என் கட்டிலை யன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டுவிட்டார். ஆபத்தென்றால் குதிக்கலாமாம். மாரி மழை முழுவதும் என் தலையில்தான் பெய்தது. முறையிட்டால், "நனைஞ்சவன் காயலாம் தம்பி. எரிஞ்சவன் திரும்ப நனைய ஏலாது" என்றார்.

அந்த மனிதரால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. சாப்பிடுகிறபோதும் ஒரு கால் வாசலைப் பார்த்தபடி ஆடிக்கொண்டே இருக்கும். அவருடைய கம்பனி புதுக் கப்பல் ஒன்று கட்டிக்கொண்டிருந்ததாம். அதில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். அந்தக் கப்பலை அவர் வர்ணிக்கத் தொடங்கினால் சவிரியாருக்குப் பொழுது போகும். சவிரியார் வள்ளம் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். கடலில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

"முந்தியான் கப்பல் நீட்டுக்கு இருக்கும் அண்ணை. இப்ப கட்டுறது மேலை மேலை அடுக்கின வீடு. ஒவ்வொரு அறைக்கும் பல்கணி."

"நடுக்கடலிலை பல்கணியோ? ஆர் றோட்டாலை போறதைப் பாக்க?"

"உயிர்காக்கிற போட்டுக்குக் கூட இப்ப கூரை போட்டு, எஞ்சினும் வைச்சு, கீழ்த்தட்டிலை தொங்கவிடுகினம். முந்தி உச்சியிலை திறந்தபடி கிடக்கும். இறக்கிறதுக்கிடையிலை பாதிச் சனம் பயத்திலை செத்துப்போகும்."

"கூரை போட்டா மீன் எப்பிடி ஏத்துறது?"

கரண்டு இல்லாத காலமல்லவா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்போம். சமாதானப் பேச்சு ஏதும் வருமா என்று ஒழுங்கையே காது கொடுத்துக்கொண்டிருக்கும். மற்றவழியார் ஆங்கில நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கச் சுற்றுவார். ஒருநாள் துள்ளி எழுந்தார்.

"வந்திட்டுது! சட்டம் வந்திட்டுது!"

"யுத்த நிறுத்தமோ?" என்று சவிரியார் வேட்டி அவிழ ஓடிவந்தார்.

"அதில்லை அண்ணை. பயணிகள் கப்பல் எல்லாத்துக்கும் இனித் தண்ணி தெளிக்கிற குழாய் போடவேணுமாம். நடைபாதையிலை தரையோடை வெளிச்சமும் வைக்கவேணுமாம். புகை மேலைதான் நிக்கும், சனம் தவழ்ந்து வழி பிடிக்கலாம்!"

குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் இருட்டில் இருந்த சனம் அவரை ஒன்றும் செய்யாமல் விட்டது, சைக்கிள் அவருடையது என்பதால்தான்.

இந்த மனிதர் எங்களுக்குப் பங்கர் வெட்ட வந்தால் எப்படி இருக்கும்? குண்டு போடுகிற பொம்மர் வந்தால் ஓடிப் பதுங்க எல்லா வீட்டு வளவிலும் ஒரு குழி உண்டு. மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை, இறங்க ஒரு வாசல். சவிரியார் அப்படி ஒன்று வெட்டத் தொடங்கியபோது மற்றவழியார் குழிக்குள் குதித்து நின்றுகொண்டார்.

"ஒரு வாசல் வைச்சால் அது பங்கர் இல்லை அண்ணை, சவப்பெட்டி. மற்ற வாசல் அங்காலை வைக்கவேணும்."

அங்காலை என்றால் வேலிக்கு அங்காலை. வளவு ஒடுங்கல், வேறு திசையில் கிணறும் வீடும். வேலிக்கு அங்காலை இருந்தவர் றீற்றா அக்கா, சவிரியாரின் சொந்த மச்சாள். பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருந்தவர். இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு நின்று பல வருடம். காரணம் வேறென்ன, வேலிதான். ஒவ்வொரு முறை வேலி அடைக்கிறபோதும் நட்ட கதியால்களுக்குக் கால் முளைத்து அங்கும் இங்கும் நடந்திருந்தன. வழக்கு நீதவான் முன்னால் கோடு வரை போய், சண்டையில் அந்தக் கோடே இடம்பெயர்ந்துவிட்டது.

"அவளின்ரை வளவுக்குள்ளாலை வெளியாலை வாறதிலும் பாக்க உள்ளுக்கை கிடந்து சாகிறது மரியாதை" என்றார் சவிரியார். றீற்றா அக்காவிடம் நான் தூது போனேன். "என்ரை காணிக்கை உந்த மனிசன்ரை ஒரு மண்புழுவும் வரப்படாது" என்று பதில் வந்தது.

மற்றவழியார் ஓர் இரவு மட்டும் யோசித்தார். காலையில் சவிரியாரிடம் குசுகுசுத்தார். "அண்ணை, வேலி மேலைதானே இருக்கு? கீழை வேலி இல்லை. நீங்கள் நிலத்துக்குக் கீழாலை அவவின்ரை பக்கம் ரெண்டு முழம் கிண்டினால், அந்த ரெண்டு முழமும் உங்கடை. எந்தக் கோடு கேக்கும்?" சவிரியாரின் கண் மின்னியது. பிறகு மற்றவழியார் முன்வாசலால் இறங்கிப்போய், வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் றீற்றா அக்காவிடம் போய், அச்சொட்டாக அதையே அங்கும் சொன்னார்.

குடாநாட்டில் அந்த வேகத்தில் எந்தப் பங்கரும் வெட்டப்படவில்லை. இந்தப் பக்கம் சவிரியார் மண்வெட்டியோடு, அந்தப் பக்கம் றீற்றா அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு. மச்சான் காணியை மச்சாளும், மச்சாள் காணியை மச்சானும் நிலத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் மண் பொலபொலவென்று உதிர, இரண்டு முகமும் நேருக்கு நேர் சந்தித்தன.

"களவாணி! என்ரை காணிக்கை என்ன செய்யிறாய்?"

"ஆரடி களவாணி? நீ நிக்கிறது என்ரை காணி!"

உள்ளே நடந்த சண்டையில் வேலி மேலே நின்று ஆடியது. வெளியே மற்றவழியார் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு வாசல் தம்பி! இப்ப இது கப்பல்!"

பிறகு கப்பலுக்கு அலங்காரம். முதலில் பங்கர் வாயை வெள்ளைச் சுண்ணாம்பால் அடித்தார், கப்பல் என்றால் வெள்ளையாம். பொம்மரிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு மட்டும் தெரியும் என்று ஒழுங்கையே திரண்டு வந்து தென்னோலைக் கிடுகு போட்டு மூடியது. அடுத்தது தரையோடு வெளிச்சம். ஜாம் போத்தல் விளக்குகளை வரிசையாக வைத்தார். முதல் ஒத்திகையிலேயே சவிரியாரின் வேட்டியில் நெருப்புப் பிடித்தது. தீப்பாதுகாப்புக்கு வைத்த விளக்கால் தீப்பிடித்த முதல் மனிதர் சவிரியாராகத்தான் இருப்பார்.

அதற்குப் பிறகுதான் சிப்பி. கடற்கரையில் மட்டிச் சிப்பி பொறுக்கி வந்து, பங்கரின் இந்த வாயிலிருந்து அந்த வாய் வரை, சுவரோரம் தரையில் வரிசையாகப் பதித்தார். இருட்டில் கையால் தடவிக்கொண்டே வெளியே போகலாமாம். "ஏதோ, வடிவாயாவது இருக்கு" என்றார் றீற்றா அக்கா.

சொல்லிய வாயோடு அடுத்த நாளே வேலிக்கு நேர் கீழே ஒரு பலகைக் கதவு வைத்துத் தன் பக்கத்தால் ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டார்.

மற்றவழியாரை நான் அப்படிப் பார்த்ததில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. வாசலே இல்லாவிட்டால் பரவாயில்லை, பூட்டின வாசல் வேண்டாம் என்று மன்றாடினார். வேலியோடு நின்று கும்பிட்டார். "திறவுங்கோ பிள்ளை. உங்கடை காலைப் பிடிக்கிறன்." அக்கா அசையவில்லை. அன்றையிலிருந்து அவர் சோறும் சரியாகத் தின்னவில்லை. நாங்கள் சிரித்தோம். ஒரு பூட்டுக்காக இப்படியும் ஒரு மனிதனா?

ஒருநாள் மத்தியானம் பொம்மர் வந்தது. சவிரியாரும் மற்றவழியாரும் நானும் எங்கள் பக்கத்தில் இறங்கினோம். றீற்றா அக்கா தன் பக்கத்தில். இரைச்சல், பிறகு நிலம் ஒரு முறை எழும்பி விழுந்தது. குண்டு அக்கா வீட்டுப் பின்வளவில் விழுந்திருந்தது. பலகைக்கு அங்கால் பனங்குற்றி சரிகிற சத்தம். அக்காவின் வாசல் மண்ணால் அடைபட்டுப்போனது. அதோடு அவர் குசினிக் கூரைக் கிடுகு தீப்பற்றி அந்த மண்மூட்டைகளின் மேல் விழ, இடுக்குகளால் புகை உள்ளே இறங்கியது. அக்கா குழறத் தொடங்கினார்.

மற்றவழியார் பலகையோடு வாயை வைத்தார். அந்தக் குரல் எனக்குப் புதிது. பதற்றமே இல்லை.

"பிள்ளை, நிமிரப்படாது. புகை மேலை நிக்கும். நிலத்தோடை கிடவுங்கோ. சுவரோரம் சிப்பி இருக்கு, தடவுங்கோ. அதைப் பிடிச்சுக்கொண்டு என்னட்டை வாங்கோ."

இருமல் கிட்ட வந்தது. பலகையில் கை தட்டியது.

"பூட்டின்ரை திறப்பு எங்கை பிள்ளை?"

"குசினிக்கை!"

குசினி எரிந்துகொண்டிருந்தது. நான் பலகையில் தோளைக் கொடுத்தேன். அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் காணிக்கென்று போட்ட கதவு அசையுமா? அப்போது சவிரியார், பொம்மர் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்க, மளமளவென்று வெளியே ஏறி ஓடினார். கிடங்கு தோண்டுகிற இரும்பு அலவாங்கோடு வந்து குதித்தார்.

"மச்சாள்! தள்ளிப் படு!"

இத்தனை வருடத்தில் அவர் அக்காவிடம் திட்டாமல் பேசிய முதல் வார்த்தை. மூன்றாவது குத்தில் பலகை பிளந்தது. அக்காவை இழுத்தெடுத்து எங்கள் வாசலால் வெளியே கொண்டுவந்தோம்.

பொம்மர் போய்விட்டது. தலை முதல் கால் வரை மண்ணோடு அக்கா சவிரியாரின் முற்றத்தில் இருந்தார். சவிரியார் செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தார். அக்கா மெல்லத் தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தார்.

"வேலி என்ரை பக்கம் நல்லாத் தள்ளித்தான் கிடக்கு. இங்கை இருந்து பாத்தாத்தான் வடிவாத் தெரியுது."

"இனிப் பயமில்லை" என்றார் சவிரியார். "உவளுக்கு மூச்சு வந்திட்டுது."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அழுகையும் கலந்த சிரிப்பு. மற்றவழியாரை மட்டும் காணவில்லை. பங்கர் வாயில், பிளந்த பலகைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். கப்பலில் தீப்பிடித்த கதையை அவர் எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வேறு கடல், வேறு கப்பல். புளுகு என்றே நினைத்திருந்தோம். அன்றைக்குச் சுருக்கமாகச் சொன்னார்.

"அந்தோனி எண்டு ஒருத்தன் தம்பி. என்னோடை ஒரே அறை. புகைக்குள்ளை நிமிர்ந்து ஓடினவன். வழியிலை கதவு. வெளியாலை பூட்டு. நான் கதவுக்கு இங்காலை நிண்டனான். என்னட்டை அலவாங்கு இல்லை."

நான் அவர் பக்கத்தில் இருந்தேன். கட்டிலில் மழை பெய்ததற்கு அவரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

அதன்பின் அந்தப் பலகையை யாரும் திரும்ப வைக்கவில்லை. மேலே வேலி இருந்தது, சண்டையும் இருந்தது. கீழே மட்டும் வழி திறந்தே கிடந்தது.

புதுக் கப்பலுக்குப் போகவேண்டும் என்ற அரிப்பு அவரை விடவில்லை. கிளாலிக் கடல்நீரேரியால் வள்ளத்தில் சனம் குடாநாட்டை விட்டுப் போகத் தொடங்கியதும் அவரும் வெளிக்கிட்டார். றீற்றா அக்கா புட்டும் கருவாட்டுப் பொரியலும் கட்டிக் கொடுத்தார். சவிரியார், "பல்கணியிலை நிண்டு விழுந்திடாதை" என்றார். நான் அவரைச் சைக்கிளில் ஏற்றிக் கொடிகாமம் வரை கொண்டுபோனேன். இறங்கியவர் கைப்பையை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"அங்காலை போக ஒரு வழிதானாம் தம்பி."

"ஓம் அண்ணை."

"வேறை என்ன செய்யிறது?" என்றார். முதன்முறையாக மற்ற வழி கேட்காமல் ஒரு வழியால் போனார். பிறகு ஒரு சேதியும் இல்லை. தொண்ணூற்றைந்தில் ஆமி கிட்ட வர, ஊரோடு நாங்கள் எல்லாருமே ஒரே வழியால் வெளிக்கிட்டோம். வேலியும் பங்கரும் சிப்பியும் அங்கேயே நின்றுவிட்டன.

போன மாதம் மகள் என்னை ஒரு உல்லாசக் கப்பலில் கூட்டிப்போனாள். பத்துத் தட்டுக்கு மேல், அறைக்கு அறை பல்கணி, கூரை போட்ட ஆபத்துப் படகுகள் கீழ்த்தட்டில். மேலே தண்ணீர் தெளிக்கிற குழாய். முன்பு எல்லாரையும் வெயிலில் வரிசையாக நிறுத்திச் செய்த ஆபத்து ஒத்திகையை இப்போது அறையில் இருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்குப் போய் முகத்தைக் காட்டினால் போதும். மற்றவழியார் கண்டிருந்தால் கப்பலை நிறுத்தியிருப்பார். நடைபாதையில் தரையோடு ஒரு பச்சை வெளிச்சக் கோடு போனது. குனிந்து, கையால் அதைத் தடவிக்கொண்டே கொஞ்சத் தூரம் போனேன்.

"அப்பா, என்ன துலைச்சனீங்கள்?" என்றாள் மகள்.

நான் அந்த வெளிச்சம் முடிகிற கதவு மட்டும் போய்த்தான் நிமிர்ந்தேன்.

கொழும்பில் எங்கள் வீட்டுப் பின்கதவை நான் பகலில் பூட்ட விடுவதில்லை. கள்ளன் வருவான் என்று மகள் ஒவ்வொரு நாளும் பேசுகிறாள். வரட்டும். சவிரியார் வீட்டிலிருந்து மற்றவழியார் போனது முன்வாசலால். அந்த மனிதர் திரும்பி வருவதென்றால் பின்பக்கத்தால்தான் வருவார்.