ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல்

“நான் கப்பல் ஏறுற வரைக்கும், இந்தப் பதினெட்டு நாளும் வீட்ல இருக்கிற எந்தச் சாமானையும் ஸ்க்ரூடிரைவர் வச்சுத் திறக்கக் கூடாது. திறந்தீங்க, நீங்களும் என்கூடக் கப்பல் ஏறணும். அவ்வளவுதான்.”

பவானி இதைச் சொன்னபோது குருநாதனின் வாயில் பாதித் தோசை இருந்தது. மென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாளோ என்று மெல்லாமலேயே உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். பவானியின் தம்பி பரமக்குடியில் புது வீடு கட்டியிருக்கிறான். கிரகப்பிரவேசத்துக்கு அவள் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்ட் போகிறாள். போக, வர, அங்கே தங்க எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நாள். குருநாதன் போகவில்லை. “ஆபீஸ்ல லீவுங்கிற பேச்சையே எடுக்க முடியாது பவானி” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லியிருந்தார். பச்சைப் பொய். அவர் ஒரு வருஷம் வராவிட்டாலும் அந்த ஆபீஸில் ஒரு ஃபைல்கூட வருத்தப்படாது.

இருபத்தைந்து நாள்! கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் மனுஷன் இருபத்தைந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் தனியாக இருந்ததில்லை. காலை எட்டு மணி வரை தூக்கம். மூன்று வேளையும் பரோட்டா. சாயங்காலம் ஜங்லிகாட் ஜெட்டியில் தூண்டில். தூண்டில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. பழைய லுங்கியில் சுற்றி, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்தும் ஆகிவிட்டது. பரமக்குடிக்குப் போனால் என்ன கிடைக்கும் என்றும் அவருக்குத் தெரியும். பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற உத்தியோகம்.

பவானியின் நிபந்தனைக்கும் காரணம் இருந்தது. குருநாதன் ‘சரி’ செய்த மிக்ஸி அன்றோடு சட்னியைத் துறந்துவிட்டது. அவர் பிரித்து மாட்டிய ஃபேன் காற்றை மேலே அனுப்பிப் பல்லிகளுக்கு வீசியது. காலிங்பெல்லோ, ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அடித்தது.

தோசையை விழுங்கினார். “முருகன் மேல சத்தியம். ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டேன்.”

“நல்லது. என் போன் ரொம்பத் திணறுது. தேவையில்லாததை அழிச்சு மட்டும் கொடுங்க. அதுக்கும் சரியாகலைன்னா சர்வீஸ் சென்டர்ல கொடுத்துக்கலாம். வாரண்டி இன்னும் நாலு மாசம் இருக்கு. அவங்க மெயின்லேண்டுக்கு அனுப்பிச் சரி பண்ணிக் கொடுத்துடுவாங்க. நீங்க வேற எதுவும் பண்ண வேண்டாம்.”

“சேச்சே, நான் என்ன பண்ணப் போறேன்!”

இருவரிடமும் இருந்தது ஒரே மாதிரிப் போன். ஒரே கடை, ஒரே நாள், ஒரே பில், குருநாதன் பேரில். அவருடையதற்குக் கறுப்பு உறை, அவளுடையதற்குக் கிளிப்பச்சை உறை. அதை விட்டால் கடவுளுக்கே வித்தியாசம் தெரியாது.

அன்று ஆபீஸில் வேலை நேரத்தில் ஒரு வீடியோ பார்த்தார். பார்த்ததும் ரத்தம் சூடாகிவிட்டது. போனுக்குள் பூட்லோடர் என்று ஒன்று இருக்கிறதாம். போன் கண் விழிக்கும்போது முதலில் எழுந்து வாசலில் நிற்கிற வாட்ச்மேன். கம்பெனி சொன்ன ஆளைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டான். அவனை வழிக்குக் கொண்டுவந்துவிட்டால், கம்பெனி திணித்த குப்பையை எல்லாம் வாரி வெளியே எறியலாம். போன் குதிரையாக ஓடும். எல்லாவற்றுக்கும் மேலே, இதற்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டாம்! ஒரு லேப்டாப், ஒரு கேபிள், போதும். சத்தியத்துக்கு ஒரு கீறல்கூட விழாது.

தன் போனில் முதலில் செய்து பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கெட்டுப்போய்விட்டால்?

கம்பெனியிடம் இணையத்திலேயே அனுமதி கேட்க வேண்டும். கேட்டார். ஏழு நாள் பொறுத்திரு என்றது. பொறுத்தார். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பவானி பக்கத்து வீட்டு ஷீலாவோடு அபர்தீன் பஜாருக்குப் புடவை எடுக்கப் போனாள். அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனது முருகன் செயல் என்றே குருநாதன் எடுத்துக்கொண்டார்.

கேபிளை மாட்டினார். திரையில் வரி வரியாக என்னென்னவோ வந்தது. இருபத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீஸில் இருந்தவர். எதையும் படித்துவிட்டு ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சம்மதம், சம்மதம், சம்மதம் என்று அமுக்கினார்.

போன் கறுத்தது. பிறகு ஒரு திறந்த பூட்டுப் படத்தோடு எழுந்தது. கீழே ஆரஞ்சு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: இந்தப் போனின் பூட்டு திறக்கப்பட்டுள்ளது, நம்ப வேண்டாம். அப்புறம் கடையில் வாங்கின அன்று வந்ததே, அந்த முதல் பக்கம் வந்தது. ‘வணக்கம், மொழியைத் தேர்ந்தெடுங்கள்.’

உள்ளே ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டது!

இப்போதுதான் அந்த வரிகளைத் தேடிப் படித்தார். முதலாவது, எல்லாம் அழிந்துவிடும். இரண்டாவது, வாரண்டி போய்விடும். குருநாதனின் கண் முன்னால் ஜெட்டி தெரியவில்லை, பரமக்குடிப் பந்திதான் தெரிந்தது. குப்பையை வாரும் ஆசையெல்லாம் பறந்துபோயிற்று. அவள் கணக்கைப் போட்டு, நம்பர்களை இறக்கி, போட்டோக்களை இறக்கி, வாட்ஸாப்பை மீட்டு, முருகன் படத்தை முகப்பில் வைத்தார். பவானி வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டபோது கடைசியாக ரிங்டோனை வைத்து முடித்தார்.

“என்னங்க, இப்படி வேர்த்திருக்கு?”

“க்ளீன் பண்ணேன்ல. பெரிய வேலை.”

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். “அட, சுறுசுறுப்பாத்தான் இருக்கு!” என்றாள்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். ஒரே ஒரு ஆபத்துதான் பாக்கி. போனை அணைத்துப் போட்டால் அந்த ஆரஞ்சு எழுத்து வந்து கோள் சொல்லும். ஆகவே போன் அணையவே கூடாது. அன்று முதல் குருநாதன் பேட்டரிக்குத் தொண்டு செய்தார். அறுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை பவானி வழக்கம்போல் முருகன் கோயிலுக்குப் போய் வந்தாள். விபூதி கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், வரவே இல்லை. பவானி தம்பியோடு வீடியோவில் பேசிக்கொண்டே இருந்தாள். குருநாதன் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். பதினொன்று. எட்டு. ஐந்து.

“போதும் பவானி, தொண்டை என்னத்துக்கு ஆகும்!”

“என் தொண்டை நல்லாத்தான் இருக்கு. நீங்க ஏன் திருவிழாவுல பிள்ளையத் தொலைச்ச மாதிரி நிக்கிறீங்க?”

மூன்று. பிடுங்கிக்கொண்டு ஓடினார். பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஷீலா கதவைத் திறந்தாள். அவள் புருஷன் சொக்கலிங்கம்தான் ஆபீஸில் குருநாதனுக்கு மேலதிகாரி.

“சீக்கிரம்மா, சார்ஜர்! இரண்டு பர்சென்ட்!”

“அரே பாப்ரே! யாருக்காவது சீரியஸா அண்ணா?”

“பவானி போன்!”

ஷீலா நெஞ்சில் கை வைத்தாள். “பொண்டாட்டி போனுக்கு இப்படி ஓடி வர்ற ஆம்பளைய நான் பார்த்ததே இல்ல. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே!” ஒரு பர்சென்டில் கேபிளை மாட்டியாயிற்று. குருநாதன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் வாசலில் பவானி. ரொம்ப அமைதியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் இடி விழுந்தது.

“என்னங்க, போன்ல ஸ்பீக்கர் அவுட். தம்பி பேசறது கேக்கவே மாட்டேங்குது. இன்னைக்கே சென்டர்ல கொடுத்துடலாம். வாரண்டி எதுக்கு இருக்கு?”

குருநாதன் போனைக் காதில் வைத்தார். கணீரென்று கேட்டது.

“நல்லாத்தானே கேக்குது!”

“உங்களுக்குக் கேக்கும். நான் பேசறதைத் தவிர எல்லாமே உங்களுக்கு நல்லாக் கேக்கும்.”

“கப்பல்ல போயிட்டு வந்து பார்த்துக்கலாமே…”

“மூணு நாள் கடல்ல சிக்னலே இருக்காது. பரமக்குடி போய் இறங்கினதும் போன் ஊமையா இருந்தா நான் என்ன பண்றது? சலோ, நாளைக்குக் கொடுத்துடறேன்.”

ஆபீஸுக்கு அரை நாள் டிமிக்கி கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் ஜங்லிகாட் சென்டருக்குப் பறந்தார். கவுண்டரில் பிரவீன்குமார் என்று பெயர் பொறித்த ஆள்.

“தம்பி, ஒரு சந்தேகம். பூட்லோடரைத் திறந்த போனுக்கு வாரண்டி…”

“எங்க கம்பெனியில கதம் சார். போச்சு.”

“திரும்பப் பூட்டிட்டா?”

“மெஷின்ல போட்டா தெரிஞ்சிரும் சார். தப்பாப் பூட்டினா போனே டெட் ஆகும். யாரு போன்?”

“ஒரு சொந்தக்காரர். திக்லிபூர்ல இருக்கார். அவர் சம்சாரத்தோட போனை…”

பிரவீன்குமார் பேனாவைக் கீழே வைத்தான். “சம்சாரத்துக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப போனை விடுங்க சார். முதல்ல அவரைக் காப்பாத்துங்க.”

ஸ்கூட்டர் வீட்டுக்குத் திரும்புவதற்குள் குருநாதனுக்கு வழி பிறந்துவிட்டது. ஒரே மாதிரிப் போன். ஒரே பில். உறைதானே வித்தியாசம்! பவானி ஷீலா வீட்டில் முறுக்கு சுற்றப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில் சிம்மை மாற்றினார், சரக்கை எல்லாம் இடம் மாற்றினார், உறையை மாற்றினார். கிளிப்பச்சைக்குள் தன் கன்னி கழியாத போன். கறுப்புக்குள் அந்த ஆரஞ்சுப் பிசாசு. நல்ல போன் போகிறதே என்று வயிறு எரிந்தது. தூண்டிலை நினைத்துக்கொண்டார், எரிச்சல் அடங்கியது.

மறுநாள் காலையில், “தாராளமா எடுத்துட்டுப் போ பவானி. வாரண்டிங்கிறது நம்ம உரிமை” என்று முழங்கினார்.

“பில்லு உங்க பேர்ல இருக்கே. உங்க ஐலேண்டர் கார்டு காப்பி ஒண்ணு வேணும். இந்த ஃபாரம் ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க.”

விஷயம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரம் அவருக்கு. பேனாவைப் பிடுங்கி அங்கே ஒன்று, இங்கே ஒன்று போட்டார். மை காயும் முன்பே, தீவுக்காரர் என்று காட்டும் அந்தக் கார்டின் காப்பியையும் நீட்டினார்.

மத்தியானம் ஷீலாவோடு திரும்பி வந்தாள். “தூசி அடைச்சிருந்துச்சாம். துடைச்சுக் கொடுத்துட்டாங்க. இப்ப நல்லாக் கேக்குது.”

குருநாதனுக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. ஆடவில்லை. பவானி இருந்தாள்.

அடுத்த வாரம் ஆபீஸில் சொக்கலிங்கமே சீட்டுக்கு வந்து முதுகில் தட்டினார். “இருபத்தைந்து நாள்! கொடுத்து வச்சவர்யா நீர். என்ஜாய் பண்ணுங்க!” மேலதிகாரிக்கே நம் சுதந்திரம் தெரிந்திருக்கிறது என்று குருநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கப்பல் நாள். ஹாடோ ஜெட்டி. மூட்டை, பெட்டி, முறுக்கு டின். நீலப் பெட்டி மட்டும் கல்லாகக் கனத்தது. சந்தோஷத்தில் அதையும் தோளில் ஏற்றிக்கொண்டு கேட் வரை வந்தார். அங்கே இறக்கி வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமி, சோகமான குரலை வரவழைத்தார்.

“டிக்கெட் இல்லாதவங்களை இதுக்கு மேல விட மாட்டாங்க பவானி. பத்திரமாப் போயிட்டு வா. என்னைப் பத்திக் கவலையே படாதே.”

பவானி பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காவலரிடம் நீட்டினாள். இரண்டு டிக்கெட். காவலர் உரக்கப் படித்தார். “பவானி. குருநாதன், வயசு ஐம்பத்தொண்ணு. சலோ, சலோ, ஆகே படோ” என்று இருவரையும் முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினார்.

குருநாதன் டிக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தார். “இது… எப்படி?”

“அன்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்களே, ரெண்டு ஃபாரம். ஒண்ணு கப்பல் டிக்கெட்டுக்கு. இன்னொண்ணு உங்க லீவ் லெட்டர். ரெண்டுலயும் தலைப்புப் பெரிசாத்தான் போட்டிருந்துச்சு. ஷீலா அக்கா அன்னைக்கே அவங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டாங்க. நீலப் பெட்டியில உங்க சட்டை வேட்டிதான் இருக்கு. நடங்க.”

“உனக்கு… எப்பத் தெரியும்?”

“செவ்வாய்க்கிழமையே. கோயில்ல போனை அணைச்சுட்டுத்தானே உள்ள போகணும்? வெளிய வந்து போட்டா, ஆரஞ்சு கலர்ல என்னை நம்பாதேங்குது. சென்டர்ல போய்க் கேட்டேன். எல்லாம் சொன்னாங்க.”

“அப்ப ஸ்பீக்கர்?”

“ஸ்பீக்கருக்கு என்ன கேடு? வாரண்டி போன போனை நான் ஏன் வச்சுக்கணும்? உங்களுதை நீங்களே கொண்டு வந்து மாட்டிவிடுவீங்கன்னு தெரியும். ரெண்டு மணி நேரம் ஷீலா அக்கா வீட்ல சும்மாவா முறுக்கு சுத்தினேன்?”

கப்பல் ஊதியது. குருநாதனின் கண் தன்னையறியாமல் ஊர்ப் பக்கம் போயிற்று. பவானி அதையும் பார்த்துவிட்டாள்.

“சிலிண்டருக்குப் பின்னாடி இருந்ததைச் சொக்கலிங்கம் சாருக்குக் கொடுத்துட்டேன். லீவு கொடுத்த மனுஷனுக்கு நாம ஏதாவது செய்ய வேண்டாமா?”

குருநாதன் உடைந்துவிட்டார். நீலப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வக்கீலின் கடைசி வாதமாக, அழாத குறையாகச் சொன்னார்.

“முருகன் மேல சத்தியமா, நான் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லையே பவானி!”

“நானும் தொடலைங்க” என்று சொல்லிவிட்டு அவள் படி ஏறினாள்.