மாமனாருக்கு நான் வைத்த ஃபிளெக்ஸ்

உயிரோடு இருக்கும் மாமனாருக்கு அஞ்சலி செலுத்திய ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அதுவும் கல்யாணத்துக்கு முன்பே.

நிச்சயம் முடிந்திருந்த நேரம். பெண் வீடு திருச்செங்கோட்டுப் பக்கம். மாமா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவர் இருந்த பனிமலைச் சண்டையைச் சினிமாவாக எடுத்து வெளியிட்டிருந்தார்கள். குண்டு மழைக்கு நடுவே வெடிமருந்து லாரியை உச்சிக்கு ஓட்டிப்போய், கொடியைப் பார்த்துக்கொண்டே உயிரை விடுகிறான் கதாநாயகன். தியேட்டரில் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த டிரைவர் மாமாதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். (அவன் செத்துப்போகிறானே என்பது எனக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை!)

மாமாவை அசத்த வேண்டுமே! பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்த அவருடைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெண்ணிடம் கெஞ்சி வாங்கி, 'வீர வணக்கம்' என்று ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் தன் வழக்கப்படி இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார். போனில் பார்த்தபோது லட்சணமாகத்தான் இருந்தது. மாமா ஊர் முக்கிலேயே கட்டச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை மாமா வீட்டு வாசலில் ஒப்பாரி. கிணற்றுத் தகராறில் பல வருஷமாகப் பேசாத பங்காளி மாலையோடு வந்து விழுந்து அழ, சத்தம் கேட்டு மாமாவே டீ டம்ளரோடு வெளியே வந்திருக்கிறார்.

போன் வந்து நான் அடித்துப்பிடித்துப் போனேன். மாமா நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, நான் எப்பங்க செத்தேன்?"

படத்துக் கதையைச் சொன்னேன். "இந்த லூசு எனக்கு வேண்டாங்கப்பா" என்று உள்ளேயிருந்து பெண்ணின் குரல். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த வண்டி ஓட்டுனவன் எனக்குச் சிநேகிதனுங்க. நான் பின்னாடி வண்டி. பாதி வழியில டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாத்திப் போறதுக்குள்ள அவன் இல்லீங்க. கொடியும் இல்லீங்க, பாட்டும் இல்லீங்க."

டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தார். பிறகு பங்காளியின் தோளைத் தட்டினார். "நாஞ் செத்தா யாரு அழுவாங்கன்னு உசுரோட பாத்துட்டனுங்க. இந்தக் குடுப்பினை யாருக்குங்க கெடைக்கும்? சாமி, மாப்பிள்ளைக்கு டீ கொண்டா" என்று உள்ளே இருந்த மகளுக்குக் குரல் கொடுத்தார்.

டீ வந்தது. சர்க்கரை வரவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. களத்தில் மக்காச்சோளம் காயும்போது தூறல் விழுந்தால், "மாப்ள, ஓடியாங்க, என்னைய எடுத்து மூடுங்க!" என்று மாமா கத்துவார், வீடே சிரிக்கும். குத்துவிளக்குகளுக்கு நடுவே இருக்கும் அவரைச் சோளத்தின்மேல் விரிக்கும்போதெல்லாம், முன் வண்டியில் போன அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்வேன். அப்புறம், எங்கோ ஒரு மலைப்பாதையில் காற்று இறங்கிய டயருக்கு மனதார நன்றி சொல்வேன்.