அந்த ஒரு குரோன் என்ன செய்தது

ஹோர்சன்ஸ், டென்மார்க்
09.06.2009, செவ்வாய்

அன்புள்ள தம்பி சிவபாலனுக்கு,

உமது அக்கா யோகமலரும் நானும் உடம்பளவில் சுகம். ஓல்போர்க்கில் புது வீட்டில் நீரும் பிள்ளைகளும் அப்படியே சுகமாயிருக்க வேண்டுகிறோம். மனம் எப்படி என்று கேட்கவேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மகள் தனுசியாவின் கலியாணத்தில், மொய் எழுதும் மேசைக்கு முன்னால் நின்று நீர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர். நினைவிருக்கும். "அத்தான், ஐந்நூறு தாளொண்டு கொண்டு வந்தனான். மேலை வைக்க ஒரு குரோன் தேடி ரண்டு கடை ஏறி இறங்கினனான். அந்த ஒண்டு என்ன வேலை செய்யுது?" நான் சொன்னேன், "சைபரிலை முடியக்கூடாது. ஒண்டு வைச்சால் தொடரும்." நீர் விடவில்லை. "எது தொடரும்?" அதற்கு நான், "கேள்வி கேக்கிறது தொடரும். போய்ச் சாப்பிடும்" என்றேன். மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், நீர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கதைப்பது சுகம் விசாரிப்பதோடு நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் ஒரு நல்ல கேள்வியைச் சாப்பாட்டுக்கு அனுப்பி வைத்திருக்கக் கூடாது. அந்த ஒன்று என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் சிநேகிதர் இன்னாசித்தம்பியை உமக்குத் தெரியும். சாமத்திய வீடுகளுக்கு வீடியோ எடுப்பாரே, அவர்தான். இப்போது ஒரு களஞ்சியத்தில் பின்னேர வேலை. அவருடைய தங்கை மேரிகிறேசும் குடும்பமும் வன்னிக்குள் அகப்பட்டு நான்கு மாதம் தகவல் இல்லை. வேலை நேரத்தில் அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் எங்கள் வீட்டு இலக்கத்தைத்தான் ஊரில் எல்லாருக்கும் கொடுத்து வைத்திருந்தார். மே 28ஆம் தேதி அது அடித்தது. வவுனியா முகாமிலிருந்து மேரிகிறேஸ், யாரோ ஒருவருடைய தொலைபேசியில், அரை நிமிடம்.

"அண்ணை நிக்கிறாரோ?"

"வேலைக்குப் போட்டார் பிள்ளை. என்னட்டைச் சொல்லும்."

"நாங்கள் மூண்டு பேர் இருக்கிறம். அண்ணை வரேக்கை ஒரு சீப்புக் கொண்டு வரச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். இந்தக் கழித்தலை நான் இன்னாசிக்குச் செய்து காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் "வந்தால்" என்று அவள் சொல்லவில்லை, "வரேக்கை" என்றாள். அதைக் கேட்ட அன்றே இன்னாசி போவதென்று முடிவெடுத்துவிட்டார். உள்ளே விடுவார்களோ தெரியாது. கம்பிக்கு வெளியே நின்றாவது ஒருமுறை முகம் பார்க்கலாம் என்கிறார். அன்று தொடக்கம் எங்கள் தொலைபேசி எங்களுடையது அல்ல. அதிலிருந்து நாங்கள் யாருக்கும் எடுப்பதில்லை, தூசு தட்டுவதுகூட இல்லை. அவள் திரும்ப எடுக்கும்போது இணைப்பு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். உமக்கு நான் கடிதம் எழுதுவது அதனால்தான்.

கொழும்புக்குப் போகிற விமானத்தில் ஓரிடத்தை இந்த வெள்ளிக்கிழமை மதியம் வரை பிடித்து வைத்திருப்பதாகக் கோப்பன்ஹேகன் பயண முகவர் சொல்லியிருக்கிறார். இன்னாசியிடம் குறைவது 2300 குரோன். ஆளைத் தெரியுந்தானே, கடன் வாங்கமாட்டார். "கடன் வேண்டாம் மாஸ்டர். மூண்டு சாமான் கிடக்கு, கொம்பியூட்டரிலை வித்துத் தாங்கோ. ஆனால் கழிவெல்லாம் போய்க் கையிலை எவ்வளவு வரும் எண்டு முதலே சொல்லுங்கோ. நான் முகவருக்குச் சொல்ல வேணும்." சாமான்கள் வீடியோ கமரா, மகனுடைய கீபோர்ட், பகலில் டெனிஷ்காரருக்குக் காற்சட்டைக் கால் குறைத்துக் கொடுத்த தையல் மெசின்.

நான் நூலகத்துக்குப் போய், அங்குள்ள கணினியில் அந்த இணையச் சந்தையின் விதிகளை அகராதி வைத்து நான்கு தரம் வாசித்தேன். சொந்தக்காரருக்கு விற்கக்கூடாது, விற்றால் அந்த விற்பனையை ரத்துச் செய்து வீதத்தைத் திருப்பித் தருவோம் என்றுகூட ஒரு விதி இருந்தது. எங்களில் எந்தச் சொந்தக்காரன் கணினியில் வந்து காசு கொடுத்து வாங்கப்போகிறான் என்று அதைத் தாண்டிவிட்டேன். கட்டணம் இப்படி: ஒரு சாமானைப் போட 10 குரோன். விற்ற விலை 500 வரை என்றால் நூற்றுக்கு 5, அதற்கு மேல் 1500 வரை 8, அதற்கும் மேல் 12. எல்லை தாண்டினால் தாண்டிய பங்குக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் அந்த வீதம். உதாரணத்துக்கு, இங்கே பேருந்தில் சோன் என்கிற கட்டண எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஒரு தரிப்பு இறங்கினாலும் அடுத்த சோனுக்கு முழுக்காசு எடுக்கிறார்கள் அல்லவா, அதுபோல.

கமரா 500, கீபோர்ட் 500, மெசின் 1500 என்று வைத்தேன். முதலிரண்டுக்கும் 25, 25. மெசினுக்கு 120. சாமான் போட 30. மொத்தம் 200. இரண்டாயிரத்து ஐந்நூறில் இருநூறு போக 2300. தம்பி, அந்த விடை வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. கேட்ட தொகை ஒரு ஓர, எங்கள் ஊர்ச் சதம், அதுகூடப் பிசகாமல் வந்து நின்றது. இன்னாசியிடம் தாளில் எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அவர் முகவருக்குச் சொன்னார்.

பிறகு, சந்தையில் என் பெயரில் பதிந்து, விலையைத் தட்டும் நேரம். நூலகத்தில் ஒரு மணித்தியாலந்தான் கணினி தருவார்கள், பின்னால் ஒரு டெனிஷ் பொம்பிளை பெருமூச்சு விட்டபடி நிற்கிறார். கமராவுக்கு 500 என்று தட்டினேன். ஒரு தங்கையின் முகம் பார்க்கப் போகிறவனுடைய காரியத்தை எப்படியப்பா சைபரில் முடிப்பது? கை தன்பாட்டில் 501 என்று தட்டிவிட்டது. கீபோர்ட்டுக்கும் 501. மெசினுக்கு 1501.

மூன்று எல்லையிலும் ஒரு குரோனால் தாண்டினேன். இரண்டு 501க்கும் வீதம் எட்டாகி 80 குரோன் 16 ஓர. மெசினுக்குப் பன்னிரண்டாகி 180 குரோன் 12 ஓர. மூன்று குரோன் கூட்டப் போய்த் தொண்ணூறுக்கு மேல் கழிந்தது. கையில் வருவது 2212 குரோன் 72 ஓர. குறைவது 87 குரோன் 28 ஓர. இதை நான் கண்டுபிடித்தது நேற்று, எல்லாம் விற்ற பிறகு.

எண்பத்தேழு குரோனை நீங்கள் வைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர். ரசீதுகளை அச்செடுத்துத் தரச் சொல்லி முதலே கேட்டுவிட்டார். ஒவ்வொன்றாகக் கூட்டுவார், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்தவர். நான் இரகசியமாய் வைத்தது தெரிந்தால் அந்த நிமிடமே பயணத்தை விட்டாலும் விடுவாரே தவிர வாங்கமாட்டார். இந்தச் சனியும் ஞாயிறும் இரண்டு தரம் வந்து, "மாஸ்டர், உங்கட கணக்கெண்டபடியால் நான் யோசிக்கேல்லை" என்றுவிட்டுப் போனார். நேற்றுத் தொடக்கம் அந்த வசனத்தைத்தான் திரும்பத் திரும்பக் கூட்டிக் கழிக்கிறேன்.

இது முதலாவது பயம். இரண்டாவது இதைவிடப் பெரிது, அதற்குத்தான் உமது உதவி வேண்டும். கமராவும் கீபோர்ட்டும் வாங்கியவர்கள் இயல்பான டெனிஷ்காரர்கள். ஐந்நூற்றியொன்று என்ன கணக்கு என்று கேட்டார்கள், நானூறுக்குத் தருவீரா என்றார்கள், மூக்கால் அழுதுதான் வாங்கினார்கள். மெசினை வாங்கியவன் அப்படியல்ல. "நோர்ட்" என்று பெயர் வைத்திருக்கிறான். திங்கள் விடிய, படத்தைப் பெரிதாக்கித் தரும்படிகூடக் கேட்காமல், 1501 குரோனையும் சந்தைக்குக் கட்டிவிட்டான். எட்டு வருடப் பழைய மெசினுக்கு. என்னத்துக்கு வாங்குகிறீர்கள் என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினேன். பதில் ஒரே சொல்: "தைக்க."

யோகமலரிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "இஞ்சாருங்கோ, பழைய மெசினுக்குக் கேட்ட காசைக் குடுக்கிறவன் ஒண்டில் கள்ளன், இல்லாட்டிப் பொலிஸ்" என்றாள். "பொலிசுக்கு மெசின் என்னத்துக்கு?" என்றேன். "மெசினுக்கில்லை. காசு எந்த நாட்டுக்குப் போகுதெண்டு பாக்க. இப்ப எங்கட சனம் ரண்டு பேர் சேந்து நிண்டாலே பாக்கிறாங்கள்." நேற்றிரவு ஒழுங்கைக்குள் கார் திரும்பியபோதெல்லாம் நான் விளக்கை அணைத்தேன். கள்ளன் என்றால் அது இன்னும் மோசம். மெசினை அனுப்பிய பிறகு கட்டிய காசைத் திருப்பி எடுக்கிற வித்தை இருப்பதாகப் பத்திரிகையில் வாசித்தேன். அனுப்பினால் மெசின் போகும். அனுப்பாவிட்டால் சந்தை காசை விடாது. இரண்டிலும் வெள்ளி மதியம் அந்த இருக்கை இன்னொருவருக்குப் போகும், அங்கே ஒருத்தி சீப்புக்குக் காத்திருப்பாள்.

ஆகவே தம்பி, அவனுடைய முகவரி உமது நகரத்தில் இருக்கிறது: பிர்க்கவை 27, முதலாம் மாடி, இடப்பக்கம். அக்கா பயப்படுவாள் என்று அவளுக்கு முகவரியை வாசித்துக் காட்டவில்லை. கடிதம் கண்டதும் சைக்கிளில் அந்த வழியால் ஒருமுறை போம். மணியை அடிக்கவேண்டாம். எதிர்ப்பக்கம் நின்று, சங்கிலி கழன்றதுபோலக் குனிந்துகொண்டு, யன்னலில் திரைச்சீலை இருக்கிறதா என்று பாரும். திரைச்சீலை இருந்தால் குடும்பக்காரன், ஓரளவு நம்பலாம். முகத்தைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, நீண்ட நேரம் பார்க்கவேண்டாம். தலைக்கவசத்தைக் கழற்றவேண்டாம். பார்த்ததை ஒரு தபாலட்டையில் எழுதிப் போடும், தொலைபேசி எடுக்கவேண்டாம்.

அன்று மேசையில் உம்மைச் சிரிப்புக்கு ஆளாக்கியவன் இன்று உதவி கேட்க வெட்கப்படுகிறேன். பிள்ளைகள் சுபாங்கனும் ஜெனுஷாவும் டெனிஷில் பதில் சொன்னாலும் நாங்கள் கேட்டதாகச் சொல்லும். உமது வீட்டு வாசலால் கெட்ட செய்தி எதுவும் நுழையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
சபாரத்தினம்

பி.கு: கடித உறையில் எழுத உமது புது முகவரியை அக்காவிடம் கேட்டேன். அடுப்படியில் நின்றபடி கொப்பியைப் பார்த்து வாசித்தாள். "பிர்க்கவை." எழுதினேன். "இருவத்தேழு." எழுதினேன். "முதலாம் மாடி." அதற்குப் பிறகு பேனா ஓடவில்லை. "இடப்பக்கம்" என்று நானே சொன்னேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். ஞாயிறு கோயிலில் உம்மைக் கண்டபோது மெசின் கதையைச் சொன்னவளும் அவள்தானாம். "அவன் ஒண்டும் சொல்லேல்லையே, ம் எண்டுபோட்டுப் போட்டான்" என்றாள்.

மேலே கள்ளன் என்றும் பொலிஸ் என்றும் எழுதிய இடங்களை மை போட்டு அழித்துவிடும். சைக்கிளில் போகவேண்டாம், உமது யன்னலில் திரைச்சீலை இருக்கிறதென்று அக்கா சொல்லிவிட்டாள். இந்த நாட்டில் ஒரு பழைய மெசினுக்கு அந்த மேலதிக ஒரு குரோனையும் கேள்வி கேட்காமல் கட்டக்கூடியவன் யார் என்று நான் முதலே கணக்கிட்டிருக்க வேண்டும். உமது கேள்விக்கு மூன்று வருடம் பிந்திய விடை: அந்த ஒன்று ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

நான் வாசித்துத் தாண்டிய விதிக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. மைத்துனருக்கு விற்றதால் இந்த விற்பனை ரத்தாக வேண்டும், பன்னிரண்டு வீதமும் இல்லை. உமது காசு உமக்குத் திரும்பி வரும். அதே 1501ஐ வியாழனுக்குள் நேரே இன்னாசியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும், விலை கொடுத்து வாங்கியதென்றபடியால் அவரும் மறுக்கமாட்டார். கையில் 2392 குரோன் 84 ஓர வரும். மிஞ்சுவது சீப்புக்குக் காணும், நல்ல பல் உள்ளதாய் மூன்று வாங்கலாம்.

விதிப்படி வாங்கியவர்தான் முதலில் சம்மதிக்க வேண்டும். இந்தக் கடிதம் கண்டதும் கணினியைத் திறந்து, உமது பெயருக்கு வலப்பக்கத்தில் "ரத்து" என்று டெனிஷில் சிவப்பாக இருக்கிற பொத்தானை ஒருமுறை அமத்திப் பாரும்.