பிரிக்காத பெட்டிக்காரர்

ரயிலே ஓட்டாத ரயில் பைத்தியம் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோற்றத்தில் நம்மைப் போலவே இருக்கும். சம்பளம் வாங்கும், வரிசையில் நிற்கும், பல் தேய்க்கும். அதன் காதுபடப் பொம்மை ரயில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "மாடல் சார், மாடல்!" என்று பாய்ந்து வரும். பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடுவது. மாடல் என்றால் யாருமே விளையாடக் கூடாதது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த இனத்தின் முதல் சட்டம்: பெட்டியைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். உள்ளே எஞ்சின் இருக்கிறதா, எலி இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. அட்டையைப் பார்த்துப் பூரிப்பார்கள், அட்டையைத் துடைப்பார்கள், அட்டையின் முனை மழுங்கினால் துக்கம் காப்பார்கள். இதற்கு ரயில் எதற்கு? செருப்புப் பெட்டியே போதாதா?

காப்பீட்டு அலுவலகத்தில் துணை மேலாளராக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தெருவில் அவருக்கு எஞ்சின் சார் என்று பெயர். அவர் வீட்டுப் பின்னறையில் தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். மின்விசிறி போட முடியாது. இறக்கை மேல் அடுக்கை உரசும். ஜன்னல் திறக்க முடியாது. வெயில் பட்டால் அட்டை வெளுக்கும். உள்ளே போக வேண்டுமானால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும். அவருடைய மனைவியோ பள்ளிச் சீருடை தைப்பவர். தையல் மெஷின் சமையலறை வாசலில், துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில், சாப்பாடு மடியில். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, மூட்டை மூட்டையாக வெள்ளைத் துணி வந்து இறங்கியிருக்கிறது, ஒரு துளி எண்ணெய் தெறித்தாலும் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

"ஏங்க, அந்த ரூமைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுங்களேன்."

"ஒழிக்கிறதா? ஒவ்வொண்ணும் எனக்குக் குழந்தை மாதிரி. ஒரு பெட்டி குறைஞ்சாலும் தூக்கத்துலகூட எனக்குத் தெரிஞ்சிடும். தெரியாமப் போற அன்னிக்கு ரூமை நீயே எடுத்துக்கோ!"

வீட்டோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் இதே வசனத்தைப் பெருமையாகச் சொன்னார். வாய் இருக்கிறதே, அதற்குத்தான் உறை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்பது, அந்த வாரம் யாருக்கு என்ன 'மாட்டியது' என்று காட்டிக்கொள்ளும் நாள். வருபவர்கள் ஒரு பல் டாக்டரும் ஓர் ஆடிட்டரும். டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து கையுறை கொண்டுவருவார். வாய்க்குள் போகவேண்டிய கை அட்டைமேல் ஊரும். ஆடிட்டர் பூதக்கண்ணாடி கொண்டுவருவார். அடுத்தவர் கொண்டுவந்ததை நேராகப் பாராட்டுவது பெரிய குற்றம். "நல்லாத்தான் இருக்கு..." என்று இழுக்க வேண்டும். பிறகு ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும்.

அன்றைக்கு எஞ்சின் சார் ஒரு துணியை விலக்கி, நீராவி எஞ்சின் படம் போட்ட பெட்டியைக் காட்டினார்.

"இது ஒண்ணுதான் சார் என்கிட்ட இல்லாம இருந்தது."

"எங்க புடிச்சீங்க?" என்றார் டாக்டர், வயிற்றெரிச்சல் குரலில் தெரியாமல்.

"அதெல்லாம் தேடணும் டாக்டர். மூக்கு வேணும்."

மூக்கு வேண்டுமாம்! பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய சாமான் கடையில், உடைந்த மிக்சிக்கும் ஒற்றைக்கால் நாற்காலிக்கும் நடுவே கிடந்தது அது.

ஆடிட்டர் குனிந்தார். "அடியில நீலமா ஏதோ கிறுக்கியிருக்கு. பெருக்கல் குறி மாதிரி. கறையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் எஞ்சின் சார் வாரம் முழுக்கக் காத்திருந்தார். "கறையா? ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் போட்ட குறி சார்! செக் பண்ணி ஓகே பண்ணதுக்கு அடையாளம்."

"ஆமா, முதல் பேட்ச்ல மட்டும் கையால போட்டாங்க. படிச்சிருக்கேன்," என்றார் டாக்டர். எங்கே படித்தார்? கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது.

ஆடிட்டர் விடுவாரா? "சாய்வைப் பாருங்க. போட்டவர் இடதுகைக்காரர்."

டீ கொண்டுவந்த மனைவி தட்டோடு நின்று எட்டிப் பார்த்தார்.

"அது என் சாக்பீஸ்ங்க."

"என்ன சொல்ற?"

"துணியில மார்க் பண்ற சாக்பீஸ். அந்தப் பெட்டி நம்ம ரூம்ல இருந்ததுதான். பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சமாவது இடம் பண்ணலாம்னு, ஒவ்வொண்ணா எடுத்துக் கணக்குக்காகக் குறி போட்டுப் பழைய சாமான் கடையில குடுத்துட்டு வந்தேன்." ஆடிட்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சரியாச் சொன்னீங்க சார். எனக்கு இடதுகைப் பழக்கம்தான்."

எஞ்சின் சாரின் முகம் அட்டையைவிட வெளுத்தது. "என் பெட்டியை வித்தியா? எத்தனை?"

"அதை நீங்கதான சொல்லணும்? தூக்கத்துலகூடத் தெரியும்னீங்களே!"

அவர் பின்னறைக்கு ஓடினார். பெட்டிச் சுவரின் முன் நின்று உதட்டை அசைத்தார். திரும்பி வந்து, பரீட்சையில் பக்கத்துப் பையனைக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டா?" மனைவி டீயை நீட்டினார். "மூணு?" மனைவி சர்க்கரையைக் கலக்கினார்.

நண்பர்கள் கைகொடுப்பார்கள் என்று அவர்களைப் பார்த்தார். டாக்டரோ, அன்றைக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்து இன்னும் திறக்காத தன் பையைக் காலாலேயே நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். பைக்கு வெளியே ஓர் அட்டை முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நீலமாக ஒரு பெருக்கல் குறி.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் சார்," என்றார் டாக்டர் அவசரமாக. "அண்ணிக்கு ரூமைக் குடுத்துடுங்க."

அன்று மாலையே பெட்டிகள் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் பதுங்கின. தையல் மெஷின் உள்ளே போனது, ஜன்னல் திறந்தது, மின்விசிறி சுழன்றது. மனைவி ஈரத்துணி எடுத்துவந்து, "குடுங்க, அந்தக் குறியையாவது துடைச்சு விடறேன்" என்றார்.

எஞ்சின் சார் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, வேண்டாம்! மதிப்புப் போயிடும்!"

சிரிக்கிறீர்கள். நாம் ரயில் சேர்ப்பதில்லை என்ற தைரியம். விருந்தாளிக்கென்று எடுத்துவைத்து எந்த விருந்தாளியும் காணாத கோப்பைகள், பிளாஸ்டிக் உறை கிழிக்காத புத்தகங்கள், நல்ல நாளுக்கென்று மடித்தே வைத்திருக்கும் சட்டை... ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும் என்கிறீர்கள், இல்லையா? நல்லது. எதற்கும் எழுந்துபோய் அவற்றின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.