வெளுத்துப்போன ஆரத்தி

திருத்துறைப்பூண்டி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் நெடுஞ்செழியன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ரெத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கட்டுப் போடாத கண்ணால் இதை நீங்களே படியுங்கள், அக்காவிடம் கொடுக்க வேண்டாம். போனில் சொல்லாததற்கும் அதே காரணம்தான். உங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போடாமல் யாரும் பேசுவதில்லை.

நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம் அந்தரத்தில் தொங்குகிறது. நேற்று நிச்சயதார்த்தம். நம் வானதி என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று சம்பந்தி அண்ணாதுரை கேட்டபோதெல்லாம் 'கெமிஸ்ட்ரி' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். சாயப்பட்டறை வைத்திருப்பவரிடம் வேறு எப்படிச் சொல்வது? இவள் நம் வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அள்ளிவந்து, மூடிய பாத்திரத்தில் வேகவைத்து, கண்ணுக்கே தெரியாத கரித்துகள் எடுக்கிறாள். அதைச் சாயத்தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் சாயம் உடைந்து போகிறதாம். அந்தத் துகள் கலந்த தண்ணீர்க் கேன் மாடியில் இருந்தது. நேற்றுப் பார்த்து கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. உங்கள் தங்கை கலைமகள் அந்தக் கேனிலிருந்தே மொண்டு, பாக்கெட் ஆரத்திப் பொடியை, அதுவும் சாயம்தானே, கரைத்து, வெற்றிலை போட்டு, தட்டை வாசலில் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. கதிர் அறுக்கிற மிஷின் ஒன்று ரோட்டில் குறுக்கே மாட்டிக்கொண்டு, அவர்கள் வந்து சேர மணி ஒன்றாகிவிட்டது. அதுவரை தட்டு வெயிலில்தான் இருந்தது.

கலைமகள் தட்டைத் தூக்கினாள் பாருங்கள், ஆரத்தி குடிக்கிற தண்ணீர் மாதிரி இருக்கிறது! தட்டின் அடியில் வெட்டியிருக்கும் உங்கள் அப்பா பெயர் இனிஷியலோடு தெரிகிறது. சம்பந்தியம்மா நெஞ்சில் கைவைத்து, "என்னங்க இது, செவப்பே இல்ல?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கெட்ட சகுனம் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயத்தில், "சகுனமெல்லாம் இல்லீங்க, சயின்ஸு. எவ்வளவு சாயமா இருந்தாலும் எங்க பொண்ணு இல்லாம ஆக்கிடுவா"ன்னு உளறிக் கொட்டிட்டேன். சம்பந்திக்கு முகம் மாறிப்போச்சு. "எங்க பட்டறைக்குப் பின்னாடி வாய்க்கால்ல தண்ணி புடிச்சிட்டுப் போனது உங்க பொண்ணுதானா?"ன்னு கேட்டார். வானதி, "ஆமாங்க, மூணு தடவை"ன்னா. ஒரு தடவைன்னாவது சொல்லியிருக்கலாம். அவர் எந்திரிச்சு நின்னு, "இந்த வேலைய விட்டாத்தான் தட்டு மாத்துறது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க"ன்னார். நான் ஞாயிறு வரைக்கும்கூட விடலை, அங்கேயே "விட்டுடுவா, சம்பந்தி"ன்னுட்டேன். மாப்பிள்ளை இனியவன் அந்தத் தட்டையே பார்த்துக்கிட்டிருந்தார்.

அவங்க போனதும் வானதி, "நாலு வருஷ உழைப்புப்பா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. அதோட சரி. அதுக்கப்புறம் என்கிட்ட பேச்சே இல்லை, சாப்பாடும் இல்லை. தாய்மாமன் நீங்க சொன்னாத்தான் கேட்பா. சனிக்கிழமையே வந்து, ஆராய்ச்சிய விடச் சொல்லி, அந்தக் கேனையும் கொட்டச் சொல்லுங்க. அவ முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
ரெத்தினம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் பைக் சத்தம். இனியவன், தனியா. கையில ரெண்டு லிட்டர் பாட்டில் நிறைய செவப்புத் தண்ணி. "எங்க பட்டறைக்குப் பின்னாடி புடிச்சது மாமா. இது எத்தனை மணி நேரத்துல தெளியும்னு வானதிகிட்ட கேக்கணும். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்"ங்கிறார். இப்போ ரெண்டு பேரும் மாடியில. மச்சான், மேலே எழுதின எதையும் வானதிகிட்ட சொல்லிடாதீங்க. மெனக்கெட்டு எழுதிட்டேன், அதனாலதான் அனுப்புறேன். நேத்துலேர்ந்து பேசாத பொண்ணு இப்போ மேலேர்ந்து கூப்பிடுறா: "அப்பா, வெயில் போறதுக்குள்ள ஒரு தட்டு எடுத்துட்டு வாங்க." உங்கப்பா பேர் வெட்டின தட்டைத்தான் எடுத்துட்டுப் போறேன்.