மாதம் முந்நூற்று இருபது பேர்

பலகையிலிருந்து ‘மிக்சி, ஃபேன்’ என்ற எழுத்துகளைச் சுரண்டி எடுத்து மூன்று வாரம் ஆகியும் கடைக்கு ஒரு குயில்கூட வந்து சேரவில்லை.

“மாப்ளே, இன்னிக்கும் ஒண்ணும் வரலை,” என்றார் மாமா போனில். குரலில் கோபம் இல்லை. அதுதான் முதல்பக்கத்துக்குச் சங்கடமாக இருந்தது.

முதல்பக்கம் என்பது வீட்டில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். கடைகளையும் கம்பெனிகளையும் தேடுபொறியின் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருவது அவன் தொழில். யாராவது நெட்டில் ‘பல் டாக்டர்’ என்று தட்டினால், ஊரில் இருக்கிற நூறு பல் டாக்டர்களில் அவனை வேலைக்கு வைத்திருக்கும் டாக்டர்தான் முதலில் வந்து நிற்க வேண்டும். சொந்தக்காரர்கள் யாரும் இதை ஒரு வேலையாகவே மதித்ததில்லை. அக்கா ஒருத்திதான், “என் தம்பி எப்பேர்ப்பட்ட கடையையும் முன்னாடி கொண்டு வந்து நிறுத்திடுவான்,” என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வாள்.

அந்தப் பெருமையை நம்பித்தான் போன மாதம் அவனைக் கூப்பிட்டாள். அவள் புருஷனுக்கு மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை. பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். இப்போதெல்லாம் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் சீருடை போட்ட ஆள் வீட்டுக்கே வந்து ஃபேனைக் கழற்றுகிறான். கடைக்கு வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள்.

“ஊரையே முன்னுக்குக் கொண்டு வர்றியே, உங்க மாமா கடையையும் கொஞ்சம் பாருடா,” என்றாள்.

பார்த்தான். ‘மிக்சி ரிப்பேர்’ என்று தேடினால் மாமாவின் கடை பதினாறாம் பக்கத்தில் கிடந்தது. பதினாறாம் பக்கம் வரை யார் போவார்கள்? அதற்குள் புது மிக்சியே வாங்கிவிடுவார்கள்.

அவன் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. நிறையப் பேர் தேட வேண்டும், ஆனால் பதில் சொல்ல ஒரு கடையும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டால், காலியான பஸ்ஸில் ஏறுவதுபோல ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்துகொள்ளலாம். அவனிடம் இருந்த மென்பொருள் எந்த ஊரில் எந்த வார்த்தையை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று புட்டுப் புட்டு வைக்கும். இரண்டு நாள் சலித்து எடுத்தான். ஓர் இடத்தில் கை நின்றது.

‘குயில் கடிகாரம் ரிப்பேர்.’

மணிக்கு மணி சின்னக் கதவு திறந்து, ஒரு மரக்குயில் தலையை நீட்டிக் கூவிவிட்டு உள்ளே போகுமே, அந்தக் கடிகாரம். இந்த ஊரில் மட்டும் மாதம் முந்நூற்று இருபது பேர் அதைப் பழுது பார்க்க ஆள் தேடுகிறார்கள். அப்படி ஒரு கடை ஊரில் ஒன்றுகூட இல்லை.

முதல்பக்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இணைய மார்க்கெட்டிங் ஆட்கள் நாலாயிரம் பேர் இருக்கும் குழுவில் அந்தக் கணக்கைப் படம் பிடித்துப் போட்டான்.

“தங்கச் சுரங்கம், பாஸ்!” என்றார் ஒருவர். “கொடுத்து வெச்சவர்யா நீங்க!” என்றார் இன்னொருவர். “மிக்சியையும் குயிலையும் கலந்து கட்டாதீங்க. ஒரே வேலைன்னு இருந்தாத்தான் தேடுபொறி நம்பும்,” என்றார் மூத்தவர் ஒருவர். நாலாயிரம் பேரில் ஒருவர்கூட, ‘யாருங்க அந்த முந்நூற்று இருபது பேர்?’ என்று கேட்கவில்லை. அவர்களில் சொந்தமாகக் கடை வைத்து நடத்தியவர் யாரும் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

“எனக்குக் குயில் தெரியாதே மாப்ளே,” என்று மாமா தயங்கினார்.

“மோட்டார் இல்லாத மிக்சின்னு நினைச்சுக்குங்க மாமா.”

மாமா நல்ல மனிதர். அப்படியே நினைத்துக்கொண்டு பலகையைச் சுரண்டக் கொடுத்துவிட்டார்.

ஒரே வாரத்தில் கடை முதல் பக்கத்தில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. போட்டிக்கு ஆளே இல்லாத ஓட்டப்பந்தயம். முந்நூற்று இருபது ஐந்நூறு ஆனது. போன் மட்டும் அடிக்கவில்லை.

“தேடுறாங்க மாமா, தேடிக்கிட்டே இருக்காங்க.”

“தேடட்டும் மாப்ளே. ஆனா கண்டுபிடிச்ச பிறகும் ஏன் தேடுறாங்க?”

முதல்பக்கம் குழுவில் கேட்டான். “நம்பிக்கை வரலை. கடையில கடிகாரம் இருக்கிற மாதிரி படம் போடுங்க,” என்றார்கள். மாமா பழைய சாமான் கடைகளில் அலைந்து ஐந்து குயில் கடிகாரங்களைத் தேடிப் பிடித்து வந்தார். ஆறு நாள் ராப்பகலாகக் கழற்றிப் பூட்டி ஐந்தையும் கூவ வைத்தார். ஆனால் ஒரே நேரத்தில் கூவ வைக்க முடியவில்லை. ஒன்று பதினொன்றுக்குக் கூவி முடித்தால் அடுத்தது பதினொன்று ஐந்துக்கு ஆரம்பிக்கும். ஐந்தாவது, மனம் போனபோது கூவும்.

அந்தக் கச்சேரிக்கு நடுவில்தான் பழைய வாடிக்கைக்கார அம்மா ஒருவர் மிக்சியோடு வந்தார்.

“மிக்சி இப்ப பார்க்கிறதில்லைங்க. குயில் மட்டும்தான்,” என்றார் மாமா.

அந்த அம்மா சுவரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு, சாப்பாடு கொண்டு வந்திருந்த அக்காவைத் தனியாக அழைத்துப் போய், “எத்தனை நாளா இப்படி இருக்காரு?” என்று கேட்டார்.

படம் போட்டதும் ஐந்நூறு எழுநூறு ஆனது. முதல்பக்கம் இந்தத் தடவை நேரத்தை ஆராய்ந்தான். தேடல் எல்லாமே வேலை நாட்களில், காலை பத்தரை மணியை ஒட்டி நடந்திருந்தது. சனி, ஞாயிறு ஈ காக்கா இல்லை. அவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

“ஆபீஸ்காரங்க மாமா! காலையில சீட்டுல வந்து உட்கார்ந்ததும் வீட்டுல ஓடாம நிக்கிற கடிகாரம் ஞாபகம் வருது. பத்தரைக்கு நீங்க லைனைக் காலியா வெச்சிருக்கணும். வேற விஷயமா யாரு கூப்பிட்டாலும் வெச்சிடுங்க.”

மறுநாள் பத்தரைக்கு ஒரு மாணவர் விடுதியின் மேலாளர் கூப்பிட்டார். வருஷா வருஷம் அறுபது ஃபேன்களை மொத்தமாக மாமாவிடம் கொடுப்பவர். “முக்கியமான கால் வரணும் சார், வெச்சிடுங்க,” என்றார் மாமா. மேலாளர் வைத்துவிட்டார். அறுபது ஃபேனும் சீருடைக்காரர்களிடம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அக்கா தம்பி வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று அவன் தயாராக இருந்தான். அவள் திட்டவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரைக்கூட வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“அந்த எழுநூறு பேர்ல ஒருத்தர் முகத்தையாவது நீ பார்த்திருக்கியாடா?”

“அப்படியெல்லாம் பார்க்க முடியாதுக்கா. அது எண்ணிக்கை.”

“உங்க மாமா பார்த்திருக்கார். மிக்சி கொண்டு வந்தவங்களை எல்லாம் பார்த்திருக்கார். யார் வீட்டு மிக்சியில என்ன கோளாறுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வார். இப்ப தூக்கத்துல கூவுறார்டா.”

சிரிக்க வைப்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. “இந்த மாசத்தோட கடையைக் காலி பண்ணிடலாம்னு சொல்றார். உன்மேல ஒரு வார்த்தை குறை சொல்லலை. ‘மாப்ளை நல்லதுக்குத்தான் செஞ்சாரு’ங்கிறார்.”

அவள் போன பிறகு முதல்பக்கத்துக்கு வேலை ஓடவில்லை. எட்டு வருஷமாக லட்சக்கணக்கானவர்களின் தேடலைக் கூட்டியிருக்கிறான், கழித்திருக்கிறான். அவர்களில் ஒருவரைக்கூடத் தெருவில் கண்டதில்லை. ஒருவருக்கு என்ன வேண்டும் என்று அவன் இதுவரை யாரிடமும் வாய் திறந்து கேட்டதே இல்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. அதைவிட, கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதரின் கடையில் கை வைத்துவிட்டோமே என்பது உறுத்தியது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே மடிக்கணினியோடு கடைக்குப் போய் உட்கார்ந்தான். ஒரே ஒரு வாடிக்கையாளரையாவது கண்ணால் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு. மாமா பழைய பனியனால் கடிகாரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்து, தம்பியிடம் பேசாமல் மூலையில் உட்கார்ந்தாள்.

பத்து இருபத்தொன்பதுக்குத் திரை சும்மா இருந்தது. பத்தரைக்கு எண்கள் எகிற ஆரம்பித்தன. பன்னிரண்டு. இருபத்தாறு. நாற்பத்தொன்று.

“நாற்பத்தோரு பேர் மாமா! இந்த நிமிஷம் நம்ம கடையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க!”

மாமா வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு நாய் படுத்திருந்தது. “பக்கத்துலதான் இருக்காங்களா?”

“ரொம்பப் பக்கத்துல.”

பதினொன்றே காலுக்கு, கையில் நோட்டோடு ஓர் இளம்பெண் வந்து கடைக்கு எதிரில் நின்றாள். பலகையைப் படித்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் படித்தாள். போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாமா சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். முதல்பக்கத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. எண்ணிக்கை ஒன்று, முகத்தோடும் செருப்போடும் எதிரில் வந்து நிற்கிறது.

“வாங்கம்மா, வாங்க! கடிகாரம் வண்டியில இருக்கா? நான் வந்து தூக்கிக்கிறேன்,” என்றார் மாமா.

“எங்கிட்ட கடிகாரம் எல்லாம் இல்லைங்க,” என்றாள் அவள். “நிஜமாவே இப்படி ஒரு கடை இருக்கான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க.”

“யாரு?”

“எங்க சார். பின்னாடி தெருவுல மாடியில ஆன்லைன் மார்க்கெட்டிங் வகுப்பு நடத்துறாரு. பத்தரைக்கு முதல் வகுப்பு. போன மாசம் வரைக்கும் தேடினா ஒண்ணுமே வராது. இப்ப உங்க கடை வந்து நிக்குதா, சாருக்கு நம்பவே முடியலை. எங்களையும் விட மாட்டேங்கிறாரு, திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கச் சொல்றாரு.”

முதல்பக்கம் மடிக்கணினியை மெல்ல மூடினான். “ஏம்மா... உங்க சார் எதுக்காக இந்த வார்த்தையைத் தேடச் சொன்னார்?”

“அது பாடங்க,” என்றாள் அந்தப் பெண். “யாருமே தேடாத வார்த்தைக்கு உதாரணமா, ஒவ்வொரு பேட்ச்சையும் இதைத்தான் தேடிப் பார்க்கச் சொல்வாரு.”