கொப்பரைக் கப்பல்

எனக்கு வாய் நீளம். இந்தத் தள்ளாத வயதிலேயே இப்படி என்றால் இருபது வயதில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாயால்தான் ஒரு குடும்பத்தையே ஏரி நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஐம்பதுகளின் கடைசியில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து என்னை உத்திரமேரூரில் கரும்பும் நெல்லும் பயிர் வைக்கிற வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே அவர்களுக்கு நிலம் இருந்தது, மாடு இருந்தது, தெரு முழுக்கச் சொந்தம் இருந்தது. என்னிடம் இருந்தது கடல் ஒன்றுதான். பேச்சுக்குப் பேச்சு அதை இழுத்தேன். போகப்போக, நானே பாய் கட்டிப் படகு விட்டிருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். (அப்பா வைத்திருந்தது மளிகைக்கடை. கடலில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதே இல்லை.) சமைக்கும்போது அலைச்சத்தம் காதில் கேட்கிற மாதிரி இருக்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. எதிர்க்கரையில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் தேவசகாயம் வாத்தியார் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏரி மீன் குழம்பு வைக்கிறோம், குடும்பத்தோடு வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். கரையைச் சுற்றிப் போனால் ஒரே சேறு. என் மாமியார், அதாவது அத்தை, படகுக்காரி மருமகள் இருக்கும்போது நாம் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை.

“இவ ஏரியில ஓட்டிக் காட்டட்டும். நல்லா ஓட்டினா தைக்கு எல்லாருமா இவ ஊருக்குப் போயி கடல்லயும் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்.”

நான் பிறந்த வீட்டைப் பார்த்துப் பத்து மாசம் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் ரயில் என்ஜினைக்கூட ஓட்டியிருப்பேன்.

படகுக்கு எங்கே போவது? வீட்டில் வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை இருந்தது. நாலு பேர் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு அகலம். கரும்பு வெட்டுகிற வரைக்கும் அதற்கு வேலை கிடையாது. அதை மாட்டுவண்டியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோய் இறக்கினோம். அத்தை வெற்றிலைப் பெட்டியோடு ஒரு பக்கம், நாத்தனார் சரளா ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். மூங்கிலில் அவருடைய புது வேட்டிதான் பாய். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை நீட்டிக் கட்டளை போட்டேன்.

காற்று வேட்டியில் பட்டதுதான் தாமதம், கொப்பரை சுற்ற ஆரம்பித்தது. வட்டமான பாத்திரத்துக்கு முன் எது, பின் எது? நான் வலது பக்கம் திருப்பச் சொன்னேன், அது இன்னும் வேகமாகச் சுற்றியது. உத்திரமேரூர் கோபுரம் வந்தது, எதிர்க்கரை வந்தது, மறுபடியும் கோபுரம் வந்தது. சரளா தலை சுற்றி வாந்தி எடுத்தாள். இப்படிச் சுற்றிக்கொண்டே ஏரிக்குள் நின்ற கருவேல மரத்தில் போய் மாட்டினோம். முள்ளில் வேட்டி டர்ரென்று கிழிந்தது. அத்தையின் வெற்றிலைப் பெட்டி தண்ணீருக்குள் போயிற்று.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

“சொல்லு கண்ணு, இப்ப இன்னா பண்றது?” என்றார் அத்தை. கிண்டல் இல்லை. நம்பித்தான் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன்.

“எனக்குப் படகு ஓட்டத் தெரியாது அத்தை. கரையில நின்னு பார்த்ததோட சரி.”

தை மாசப் பயணமும் வெற்றிலைப் பெட்டியோடு போயிற்று என்று நினைத்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப தினமும் அடுப்பு மூட்டும்போது கண்ணு கலங்குச்சே, அது பொகையில்லையா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“அடிப்பாவி. வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? தை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே உங்க ஊருக்குப் போய்ட்டு வா.”

அதற்குள் தேவசகாயம் வாத்தியார் கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்துவிட்டார். ஒரு கயிற்றைக் கொப்பரையின் காதில் கட்டி, முரண்டு பிடிக்கிற மாட்டை இழுக்கிற மாதிரி கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். கிழிந்த வேட்டியைப் புதரில் காயப்போட்டுவிட்டு, ஈரப் புடவையோடு சுடுசோறும் குழம்புமாக அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி ஒரு சாப்பாட்டை இன்றைக்கு வரைக்கும் நான் சாப்பிடவில்லை. வாத்தியார் மனைவி மேரியக்காவுக்கு அத்தை நான் கட்டளை போட்ட விதத்தை நடித்துக் காட்டினார். எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அதிகமாகச் சிரித்தது நான்தான்.

சொன்ன மாதிரியே மறுநாள் அனுப்பி வைத்தார். ஒரு மாசம் இருந்துவிட்டு வரச் சொன்னார். பத்தாம் நாளே திரும்பி வந்தேன். கடல் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் அத்தை என்ன செய்கிறாரோ என்றுதான் நினைப்பெல்லாம். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்குக் கப்பல்காரி என்றுதான் பெயர்.

இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கடல். என் வீட்டுக்காரர் போய்விட்டார், அத்தை போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. அலைச்சத்தம் கேட்டால் எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம் வருகிறது, இந்த வயதிலும் கண் கலங்குகிறது. புகை என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் இங்கே கேஸ் அடுப்பு.

ஒவ்வொரு மழைக்கும் சரளா போன் செய்வாள். போன வாரமும் செய்தாள்.

“அண்ணி, ஏரி ரொம்பி கோடி போவுது. கொப்பரை காலியாத்தான் கீது. எப்ப வர்ற?”

“வரேன்டி. அத்தை உட்கார்ந்த பக்கத்துல மட்டும் யாரையும் உட்கார வெச்சிடாதே” என்றேன்.